காசு எந்தப் பக்கம் போச்சு: ஒரு தோட்டத்து ஊர்ச் சங்கத்தோட கதை

இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம், அதுல ஒரு டிவிஷன், அதாவது தோட்டத்துல ஒரு பிரிவு. அங்க பொறந்து கொழும்பு, நீர்கொழும்பு, குவைத், கட்டார், கனடான்னு போயிட்ட ஆளுங்க சேந்து நடத்துற ஊர்ச் சங்கத்தப் பத்தித்தான் இத எழுதுறேன். சங்கத்து பேரையும் தோட்டத்து பேரையும் வேணும்னேதான் போடல, ஏன்னா இதுல வர்றவங்க முக்காவாசிப் பேரு இன்னைக்கும் இருக்காங்க, ஒருத்தரோட ஒருத்தர் சண்ட போட்டவங்களும் இருக்காங்க, கணக்கு அவங்களோடது. நான் அந்த டிவிஷன் பையன், கொஞ்ச காலம் கமிட்டியில செக்ரட்டரியா இருந்தேன், பழைய மினிட்ஸ் கொப்பி எல்லாம் எங்கிட்டத்தான் இருக்கு.

லண்டன்லயும் டொராண்டோலயும் இருக்கிற யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் பத்தி படிக்க நெறையவே கெடைக்குது. எங்க மலையகத்து சங்கங்களப் பத்தி அந்தளவுக்கு கெடைக்கிறதில்ல. ஆனா எங்க கதையில அவங்களுக்கு இல்லாத ஒண்ணு இருக்கு. இன்னைக்கு குவைத்துல இருந்து தோட்டத்துக்கு காசு அனுப்புற பிள்ளையோட பூட்டனும் ஒரு காலத்துல ஊரு விட்டு வந்து ஊருக்கு காசு அனுப்பினவர்தான், ஆனா அந்த காசு போனது தமிழ்நாட்டுல முசிறிக்கும் துறையூருக்கும் சேலத்துக்கும். நடுவுல எப்பவோ காசு திரும்பிருச்சு. இந்த மலை இவங்களுக்கு சொந்தமா இல்லையான்னு கொழும்புலயும் டெல்லியிலயும் உக்காந்து பல வருஷம் பேசினாங்க, அவங்க பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே மக்கள் முடிவு பண்ணிட்டாங்க. அது எப்ப, எப்படின்னு தெரியணும்னா காசு எந்தப் பக்கம் போச்சுன்னு பாத்தாலே போதும்ங்கிறது என்னோட வாதம்.

முதல்ல போனது அக்கரைக்கு

கோப்பிக் காலத்துல இருந்தே எங்க ஆளுங்க தனித்தனியா வரல, கூட்டமாத்தான் வந்தாங்க. பெரிய கங்காணி தன்னோட ஊர்ல, சொந்தபந்தத்துல, பக்கத்து ஊர்ல ஆள் கட்டி கூட்டிட்டு வருவாரு, அதனால ஒரு லயத்துல, அதாவது வரிசையா ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீடுகள்ல, இருக்கிறவங்க பெரும்பாலும் ஒரே பக்கத்து ஆளுங்களா இருப்பாங்க. எங்க டிவிஷன்ல முசிறி, துறையூர் ஆளுங்க ஜாஸ்தி, மேலயத்துல கொஞ்சம் புதுக்கோட்டை, கீழ்லயத்துல சேலம். ஆரம்பத்துல மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தாங்க, வாந்திபேதியிலயும் காய்ச்சல்லயும் வழியிலயே செத்தவங்க ஏராளம். 1914ல தலைமன்னாருக்கு ரயில் பாதை வந்தப்புறம்தான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் கேம்ப், கப்பல், கோச்சி (ரயில்)ன்னு ஒரு ஒழுங்கு வந்துச்சு.

அப்ப ஊருக்கு காசு அனுப்ப சங்கம் எதுவும் கெடையாது, கங்காணிதான் எல்லாம். அவரு ஆள் கட்ட ஊருக்கு போறப்ப மடியில கட்டி குடுத்தனுப்புவாங்க, இல்லன்னா டவுன்ல தபால் கந்தோருக்கு போயி, எழுதத் தெரிஞ்ச யாரையாச்சும் புடிச்சு மணியார்டர் எழுதுவாங்க. ஊர்ல மாரியம்மன் திருவிழா எந்த மாசமோ அதே மாசத்துல தோட்டத்துலயும் காப்பு கட்டினாங்க, காமன் கூத்து ஆடினாங்க, ஊர்க் கோயிலுக்குன்னு தனியா ஒரு வரி எடுத்து வச்சாங்க.

ஆனா அந்த காலத்த பெருமையா மட்டும் பேசவும் மனசு வரல. துண்டு முறைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒரு தோட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாறணும்னா இவ்வளவு கடன் இருக்குன்னு எழுதின துண்டோடத்தான் போகணும், புது தோட்டம் அந்த கடன கட்டி ஆள எடுக்கும், ஆளும் கடனும் சேந்தே கைமாறும். 1921ல சட்டம் போட்டு நிறுத்துற வரைக்கும் இதான் நடந்துச்சு. கடன்ல முங்கிக் கெடக்குறவன் ஊருக்கு என்னத்த அனுப்புவான்? ஊர்ல மச்சு வீடு கட்டினது, கோயிலுக்கு மணி வாங்கிப் போட்டது, கெணறு வெட்டினது எல்லாம் கங்காணிமாரும் வட்டிக்கு குடுத்தவங்களும்தான். கொழுந்து பறிச்ச பொம்பளைங்க அனுப்பினது அண்ணன் மக சடங்குக்கு, தம்பி கல்யாணத்துக்கு, அப்பன் கருமாதிக்குன்னு ரெண்டு ரூவா மூணு ரூவா. ஆனா அந்த ரெண்டு ரூவாதான் எனக்கு பெருசாத் தெரியுது, அதுல வயித்துப் பட்டினி இருக்கு.

1927 நவம்பர்ல காந்தி கதர் நிதிக்கு காசு சேக்க இலங்கைக்கு வந்தாரு, கண்டி, பதுளை, அட்டன்னு மலைநாட்டுக்குள்ளயும் வந்தாரு. கொழும்பு, யாழ்ப்பாணம், மலைநாடு எல்லாம் சேத்து 1 லட்சம் ரூவாக்கு மேல சேந்துச்சு, அதுல தோட்டத்து சனங்க போட்ட சில்லறையும் இருந்துச்சு. தான் போயி பாக்க முடியாத ஒரு தேசத்துக்கு நாட்கூலி வாங்குறவங்க அள்ளிக் குடுத்தாங்க. அப்ப அவங்க மனசுல சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்துச்சுங்கிறதுல சந்தேகமே இல்ல.

முதல் அடி 1939ல விழுந்துச்சு. இலங்கை அரசாங்கம் தன்கிட்ட தினக்கூலிக்கு இருந்த இந்திய ஆளுங்கள வேலைய விட்டு நிப்பாட்ட, பதிலுக்கு இந்திய அரசாங்கம் அந்த வருஷம் ஆகஸ்ட் 1ல இருந்து இங்க கூலி வேலைக்கு ஆள் வர்றத தடை பண்ணிருச்சு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நேரு வந்து, இலங்கை இந்திய காங்கிரஸ் ஆரம்பமாச்சு. வழக்கமா ஒரு எட்டு ஊருக்கு போயிட்டு வர்றவங்க, போனா திரும்ப வர விடுவாங்களோன்னு யோசிச்சு நின்னுட்டாங்க. நல்லது கெட்டதுக்கு போகாத ஊருக்கு எவ்வளவு காலத்துக்கு காசு மட்டும் போகும்?

மணியார்டர் துண்டு எரிஞ்ச காலம்

1947 தேர்தல்ல இலங்கை இந்திய காங்கிரஸ் 7 பேர பார்லிமெண்டுக்கு அனுப்புச்சு. அடுத்த வருஷமே 18ம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து ஏறக்குறைய 7 லட்சம் பேர நாடில்லாதவங்களா ஆக்குச்சு. 1949ல வந்த சட்டத்துல பதிவு பண்ணி பிரஜையாகலாம்னு ஒரு வழி விட்டாங்க, ஆனா கல்யாணமானவங்க 7 வருஷம், ஆகாதவங்க 10 வருஷம், அதுவும் 1946 ஜனவரி 1க்கு முன்னாடி, விடாம இங்கயே இருந்தோம்னு நிரூபிக்கணும். பொண்டாட்டியும் சின்னப் பிள்ளைங்களும்கூட இங்கதான் இருந்தாங்கன்னு காட்டணும். பொறப்புப் பதிவே இல்லாத லயத்து சனங்க கிட்ட இத கேட்டாங்க.

1951 ஆகஸ்ட் 5க்குள்ள 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பம் போச்சு, அதுக்குள்ள 8 லட்சத்துக்கு மேல ஆளுங்க. வருஷக்கணக்கா இழுத்து கடைசியில சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் கெடச்சுது.

எங்க அப்பாயி சொன்னது இது. தாத்தா தகரப்பெட்டியில முசிறிக்கு அனுப்பின மணியார்டர் துண்டுகள கட்டி வச்சிருந்தாராம், தங்கச்சிக்கு இவ்வளவு, கோயிலுக்கு இவ்வளவுன்னு. விசாரணைக்கு கூப்புட்டப்ப, இத பாத்தா இவனுக்கு ஊரு அங்கதான்னு முடிவு பண்ணிருவாங்கன்னு கணக்கப்பிள்ளை எச்சரிச்சதுல, ஒரு ராத்திரி அத்தனையும் அடுப்புல போட்டுட்டாராம். அண்ணன் தங்கச்சி பாசத்துக்கு இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அப்புறமும் விண்ணப்பம் தள்ளுபடிதான்.

இந்த எடத்த நான் முக்கியமா நெனைக்கிறேன். ஒலகத்துல எந்த ஊர்ச் சங்கத்துக்காரனுக்கும் ஊருக்கு குடுத்த கணக்கு பெருமைக்குரிய கணக்கு, எங்களுக்கு அது மறைக்க வேண்டிய சங்கதியா ஆச்சு. எங்க ஆளுங்க பல காலம் சங்கம் வைக்கவும் கணக்கு எழுதவும் தயங்கினதுக்கு படிப்பில்லாதத காரணமா சொல்லுவாங்க, எனக்கு அது மட்டும்னு தோணல. காகிதம்னாலே பயம், அந்த பயத்துக்கு நியாயமும் இருந்துச்சு.

கோச்சியேறினவங்க

1964 அக்டோபர் 30, சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேர்ல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர இந்தியா எடுத்துக்கணும், 3 லட்சம் பேர இலங்கை வச்சுக்கணும், மிச்சம் ஒண்ணர லட்சம் பேர பெறகு பாத்துக்கலாம்னு எழுதினாங்க, 1974ல அந்த ஒண்ணர லட்சத்தையும் பாதி பாதியா பிரிச்சாங்க. இந்த சனங்கள்ல ஒருத்தரக்கூட கூப்புட்டு கேக்கல.

தலைமன்னாருக்கு போன அந்த ரயிலுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு ஒப்பாரி கோச்சி. எங்க டிவிஷன்ல இருந்து கணிசமான குடும்பம் போச்சு, ஒரே வீட்டுல அண்ணனுக்கு இந்திய பாஸ்போட், தம்பி இங்க. போனவங்கள்ல நெறைய பேர் நீலகிரிக்குத்தான் போனாங்க. இவங்கள வச்சுத்தான் தமிழ்நாடு அரசு 1968ல தேயிலைத் தோட்டம் போட ஆரம்பிச்சுது, டேன்டீன்னு இன்னைக்கு சொல்றது அதத்தான். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்னு பரவினாங்க, கொஞ்சப் பேர் கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்துக்கு, கொஞ்சப் பேர் கர்நாடகாவுல சுள்ளியாவுக்கு, கேரளாவுல புனலூருக்கு. பர்மாவுல இருந்தும் இங்க இருந்தும் திரும்பினவங்களுக்குன்னே 1969ல ரெப்கோ பேங்க் வந்துச்சு.

பூட்டனோட சொந்த மண்ணுக்குத்தான் போனாங்க, ஆனா அங்க அவங்களுக்கு பேரு சிலோன்காரங்க. முசிறியில போயி சொந்தம் கொண்டாடலாம்னு நெனச்சவங்களுக்கு அங்க காணியும் இல்ல, அடையாளம் தெரிஞ்ச ஆளும் இல்ல. அதனால கோத்தகிரியில அவங்க ஒருத்தர ஒருத்தர் தேடிக் கண்டுபிடிச்சது நீ எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்னு கேட்டுத்தான். பொண்ணு எடுத்தது குடுத்தது, கோயில் வச்சது எல்லாம் அப்படித்தான். அவங்களுக்கு ஊரு இங்க இருக்கிற மலையா ஆயிருச்சு.

1973, 74ல இங்க பஞ்சம். தோட்டத்துல அரிசி மாவு வெட்டு, வேலை நாள் கொறைஞ்சு, சனங்க டவுன்ல கையேந்தினாங்க, செத்தவங்க நெறைய. அப்ப கோத்தகிரியில இருந்து வந்த கடுதாசி ரெண்டு மூணு எங்க பெரியப்பா வீட்டுல இருந்துச்சு. எதாச்சும் அனுப்பணும், எப்படின்னு தெரியலன்னு தவிச்சு எழுதியிருந்தாங்க. அனுப்ப வழியில்ல, அவங்களே அங்க தகரக் கொட்டாயில இருந்தாங்க. ஆனா கவனிச்சுப் பாருங்க, அக்கரையில இருக்கிற ஒருத்தர் இந்த மலைய ஊரா நெனச்சு இதுக்கு உதவணும்னு துடிச்சது, எங்க டிவிஷன் கதையில எனக்கு கெடச்ச மொதல் அத்தாட்சி அதுதான். காசு வரல, ஆனா மனசு திரும்பிருச்சு. பத்து வருஷம் கழிச்சு 1984ல யுத்தத்தால கப்பலும் நின்னு போச்சு, கடுதாசியும் கொறஞ்சுது.

பொணம் கொண்டு வர்ற சங்கம்

இப்ப இருக்கிற சங்கம் தொடங்கினது 90கள்ல கொழும்புல. அதுக்கு முன்னாடியே பிள்ளைங்க புறக்கோட்டை கடைகளுக்கும் பொம்பளப் பிள்ளைங்க வீட்டு வேலைக்கும் போக ஆரம்பிச்சிருந்தாங்க. ஐடென்டி கார்டு இல்லாம, பொறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாம, செக்பொயின்ட்ல புடிபட்டு பொலிஸ்ல ராத்திரி கழிச்சவங்க எங்க டிவிஷன்லயே அநேகம் பேர் இருக்காங்க. தோட்டத்துல இருந்து தலைவர் வந்து இவன் எங்க ஆளுதான்னு சொன்னாத்தான் விடுவாங்க.

கொட்டாஞ்சேனையில ஒரு கடையில வேலை செஞ்ச எங்க டிவிஷன் பையன் ஒருத்தன் திடீர்னு செத்துட்டான். ஆஸ்பத்திரியில இருந்து உடம்ப எடுக்கவும் வேன் புடிச்சு தோட்டத்துக்கு கொண்டு வரவும் யாருகிட்டயும் காசு இல்ல. கடை கடையா போயி நம்ம தோட்டத்து ஆளுங்க கிட்ட முடிஞ்சத குடுங்கன்னு கேட்டு, அன்னைக்கு சேத்தாங்க. எட்டாம் நாள் காரியம் முடிஞ்சதும் கொழும்பு திரும்பின ஆளுங்க ஒரு அறையில கூடி, இனிமே மாசா மாசம் ஒரு தொகை போடுவோம், நம்மள்ல யாரு செத்தாலும் பொணம் இங்க அனாதையா கெடக்கக் கூடாதுன்னு பேசினாங்க. மொதல் கொப்பியில மொதல் பக்கத்துல இருக்கிற ஒரே தீர்மானம் அதுதான்.

இத யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல. எல்லாத் தோட்டத்துலயும் மரண ஆதாரச் சங்கம் இருக்கு, சாவு விழுந்தா பொட்டி, பந்தல், காப்பித்தண்ணி செலவு வரைக்கும் அது பாத்துக்கும். லயத்து பொம்பளைங்க சீட்டு புடிக்கிறதும் எப்பவும் உண்டு. அந்த ரெண்டையும்தான் கொழும்புக்கு எடுத்துட்டுப் போனாங்க. கூட்டம் போயா தினத்துல, அதாவது பௌர்ணமி லீவு அன்னைக்கு, ஏன்னா அன்னைக்குத்தான் கடை பூட்டுவாங்க. வருஷக் கணக்கு வாசிக்கிறது தோட்டத்துல தேர்த் திருவிழா மறுநாள், கோயிலுக்கு முன்னாடி, எல்லாரும் ஊருக்கு வந்திருக்கிறப்ப. இந்த ரெண்டு ஏற்பாடும்தான் சங்கத்த இத்தன வருஷம் காப்பாத்துச்சுன்னு நான் நம்புறேன். வாயால வாசிச்ச கணக்கு, சாமி முன்னாடி வாசிச்சது, எழுதப் படிக்கத் தெரியாத கெழவிகூட நடுவுல எந்திரிச்சு அந்த கரண்ட் பில்லு எப்படி அவ்வளவு வந்துச்சுன்னு கேக்கலாம். பக்கத்து தோட்டங்கள்ல இதே மாதிரி கெளம்பின சங்கங்கள் ரெண்டு மூணு வருஷத்துல கலைஞ்சு போச்சு, காரணம் பெரும்பாலும் கணக்கு, இல்லன்னா தொழிற்சங்க அரசியல் உள்ள பூந்தது. எங்காளுங்க ஆரம்பத்துலயே, எந்த யூனியன்ல பொறுப்புல இருக்கிறவரும் இங்க பொறுப்புக்கு வரக்கூடாதுன்னு எழுதி வச்சாங்க. அத எழுத வச்ச அண்ணனுக்கு தோட்டத்துல கொஞ்ச காலம் யாரும் மொகம் குடுத்துப் பேசல.

தேரா, டியூஷனா

கைல காசு கொஞ்சம் சேந்ததும் மொதல்ல செஞ்சது கோயில். தேர் பழசாயிருச்சு, புதுசு செய்யணும்னு வயசானவங்க ஆசப்பட்டாங்க, ஆம்பளைங்க எல்லாரும் கைதூக்கினாங்க. அத நான் கொற சொல்ல மாட்டேன். தோட்டத்துல வீடு கம்பெனியோடது, ரோடு கம்பெனியோடது, ஸ்கூல் அரசாங்கத்தோடது, கோயில் ஒண்ணுதான் நம்ம கையால கட்டி நம்ம பேச்சு செல்லுற எடம். ஆனா தேர் முடிஞ்சு கோபுரம், கோபுரம் முடிஞ்சு மண்டபம்னு போயிட்டே இருந்துச்சு.

எதிர்த்துப் பேசினது குவைத்துல பல வருஷம் வீட்டு வேலை செஞ்சிட்டு வந்த ஒரு அக்கா. அப்ப கணக்கப் பாத்தா சங்கத்துக்கு வர்ற காசுல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருக்கிற பொம்பளைங்க அனுப்புறது, கமிட்டியில ஒரு பொம்பள இல்ல. வருஷக் கணக்கு வாசிக்கிற அன்னைக்கு அந்த அக்கா எந்திரிச்சு, எங்க பிள்ளைங்க ஓ எல் (11ம் வகுப்புப் பரீட்சை) கணக்குல பெயிலாகி எங்கள மாதிரியே கட்டார் போறதுக்கா நாங்க காசு அனுப்புறோம்னு கேட்டாங்க. சத்தம் போட்டு அவங்கள உக்கார வச்சாங்க. அடுத்த மாசத்துல இருந்து குவைத், கட்டார் காசு வரல. ஒருத்தி ரெண்டு பேர் இல்ல, சொல்லி வச்ச மாதிரி எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க.

அந்த சில மாசம் மினிட்ஸ் கொப்பியில எழுத்து ரொம்ப சூடா இருக்கு. கடைசியா கமிட்டியில மூணு பொம்பளைங்க வந்தாங்க, வர்ற காசுல பாதி கட்டாயம் படிப்புக்குன்னு எழுதினாங்க.

படிப்புல எங்க பிரச்சன என்னன்னு வெளியில இருக்கிறவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். தோட்டப் பள்ளிக்கூடங்கள் 70கள்லதான் அரசாங்கத்து கைக்கு வர ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் பிள்ளைக்காம்பரா மாதிரி ஒரே அறையில ஒரே வாத்தியார். ரொம்பப் பெறகுதான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி மாதிரி எடங்கள்ல இருந்து எங்க பிள்ளைங்களே டீச்சரா வந்தாங்க. ஆனா தமிழ் மீடியத்துல கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் எப்பவும் பத்தாது, வந்தாலும் டவுன் ஸ்கூலுக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிருவாங்க. அதனால சங்கம் பில்டிங் கட்டல, புத்தகப் பை குடுக்கல. அட்டன்ல இருந்து சனி ஞாயிறு ஒரு கணக்கு வாத்தியாரையும் ஒரு சயன்ஸ் டீச்சரையும் வேன்ல கூட்டிட்டு வந்து, கோயில் மண்டபத்துல வகுப்பு வச்சாங்க. வேன் கூலி, சம்பளம், பிள்ளைங்களுக்கு மத்தியானம் சோறு. சோறு போட ஆரம்பிச்சப்புறம்தான் பிள்ளைங்க விடாம வந்தாங்கன்னு அந்த டீச்சர் இன்னைக்கும் சொல்லுவாங்க.

1947லயே இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர் பிள்ளைங்களுக்குன்னு ஒரு கல்வி நிதியம் வச்சு ஏ எல் (அதுக்கு மேல உயர்தரம்), கெம்பஸ் (பல்கலைக்கழகம்) படிக்கிறவங்களுக்கு உதவிச் சம்பளம் குடுத்துட்டு வருது, அது பெரிய உதவி. ஆனா அத வாங்குற எடத்துக்கு பிள்ள ஏறி வரணும்ல, ஓ எல் தாண்டணும்ல. அந்த ஒரு படியத்தான் சங்கம் புடிச்சுது. எங்க டிவிஷன்ல இருந்து இன்னைக்கு டீச்சர்மாரும் நர்ஸ்மாரும் இருக்காங்கன்னா அந்த மண்டபத்துல படிச்சவங்கதான் அதுல நெறையப் பேர்.

நெலம் யாரோடது

யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் ஒண்ணு ஊருக்கு நூலகம் கட்டணும்னா யாராச்சும் காணி குடுப்பாங்க, கட்டிருவாங்க. எங்களுக்கு ஒரு அறை கட்டணும்னாலும் தொரைகிட்ட, அதாவது தோட்டத்து மேனேஜர்கிட்ட, லெட்டர் குடுத்து நிக்கணும். தோட்டக் காணி அரசாங்கத்தோடது, 90கள்ல கம்பெனிகளுக்கு 53 வருஷ குத்தகைக்கு குடுத்தது. 150, 200 வருஷமா குடியிருக்கிறவன் பேருல ஒரு முழம் இல்ல. பிரதேச சபை தோட்டத்துக்குள்ள ரோடு போடவே சட்டம் எடம் குடுக்காம இருந்துச்சு, 2018லதான் திருத்தினாங்க.

சங்கம் ஒரு தடவ சின்னதா ஒரு நூலகக் கட்டடம் எழுப்ப அத்திவாரம் போட்டுச்சு, வாய்ப்பேச்சுக்கு அனுமதி கெடச்சுதான் போட்டாங்க, புதுசா வந்த மேனேஜ்மெண்ட் நிப்பாட்டிருச்சு. வெளிநாட்டுல ராப்பகலா ஒழைச்ச காசு, அந்த அத்திவாரம் இன்னும் புல்லு மொளச்சு கெடக்கு. மலையகத்துல ஊர்ச் சங்கங்கள் ஏன் கட்டடமா எதையும் காட்ட முடியலன்னு கேக்குறவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன். அதனாலதான் எங்க உதவி எல்லாம் சோறு, சம்பளம், வேன் கூலி, பீஸ், மருந்துன்னு போகுது, படம் புடிச்சுக் காட்ட ஒண்ணும் மிஞ்சாது.

2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்த மீரியபெத்தயில மலை சரிஞ்சு லயங்கள மூடுச்சு. அந்த எடம் ஆபத்துன்னு கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லயும் 2011லயும் எச்சரிச்சிருந்துச்சு, ஆனா போக எங்க காணி இருந்துச்சு அந்த சனங்களுக்கு? எங்க சங்கம் தன்னோட தோட்டத்துக்கு வெளிய உதவினது அதுதான் மொதல் தடவ. போனவங்க பாத்தது, உடுப்பும் பிஸ்கட்டும் மலையா குவிஞ்சு கெடக்கு, ஆளுங்க கிட்ட கார்டு இல்ல, பேங்க் புக் இல்ல, பொறப்புச் சாட்சிப் பத்திரம் இல்ல, ஈபிஎப் காகிதம் எல்லாம் மண்ணுக்குள்ள. கொண்டு போன சாமான எறக்கி வச்சுட்டு, எங்க பிள்ளைங்க உக்காந்து விண்ணப்பப் பத்திரம் எழுதிக் குடுத்தாங்க. ஒரு காலத்துல காகிதத்த எரிச்ச குடும்பத்துல வந்த பிள்ளைங்க அதுங்க. அந்த சனங்களுக்கு வீடு கட்டிக் குடுக்க 2016 ஆச்சு, அதுவரைக்கும் பழைய தேயிலை ஸ்டோருக்குள்ள தடுப்பு அடிச்சு இருந்தாங்க.

2020க்கு அப்புறம்

கொரோனாவுல கொழும்பு கடைகள் பூட்டினதும் காசு குடுத்தவங்களே வெறுங்கையோட லயத்துக்கு திரும்பி வந்தாங்க. சங்கத்து சந்தா ஏறக்குறைய நின்னு போச்சு. 2021ல நாட்சம்பளம் 1000 ரூவான்னு வர்த்தமானி வந்துச்சு, அதே வருஷம் ரசாயன உரத்த தட பண்ணினதுல கொழுந்து கொறஞ்சு, கிலோ பத்தலன்னு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாங்க. அப்புறம் 2022, மாவு வெல, மண்ணெண்ண, காஸ், எல்லாருக்கும் தெரியும்.

அந்த வருஷம் மே மாசம் சென்னையில இருந்து கப்பல் வந்துச்சு. தமிழ்நாடு அரசு அறிவிச்சது 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்து. எங்க டிவிஷனுக்கும் அந்த அரிசி மூட்ட வந்துச்சு. தொண்ணூறு வயசுக்கு கிட்ட இருந்த ஒரு அம்மாயி மூட்டையத் தடவிப் பாத்துட்டு, எங்கப்பன் அனுப்புன காசுக்கு இப்பத்தான் பதில் வந்திருக்குன்னு சொன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டேன், இன்னும் காதுல இருக்கு.

அதே சமயத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. கோத்தகிரிக்கு போனவங்களோட பேரப்பிள்ளைங்க எங்க வாட்ஸ்அப் குரூப்ப எப்படியோ கண்டுபிடிச்சு உள்ள வந்தாங்க. அம்பது வருஷமா மொகம் பாக்காத அண்ணன் தம்பி குடும்பங்க வீடியோ கோல்ல மொதல் தடவ பேசுச்சு, பெரியப்பா மகன்னு ஒருத்தர் கூடலூர்ல இருந்து எங்க அப்பாவ பாத்து சித்தப்பான்னு கூப்புட்டாரு. அவங்களும் காசு அனுப்பணும்னு நிக்கிறாங்க. 1974ல தவிச்சவங்களோட அதே தவிப்பு, ஆனா இப்ப வழி இருக்கு. அங்க இருந்து கதிர்காமம், சிவனொளிபாதம்னு யாத்திரை வர்றவங்க கையில குடுத்து விடுறாங்க, இங்க வந்ததும் ரிசீப்ட் போட்டு குரூப்ல போடுறோம்.

இப்ப என்ன நடக்குதுன்னா, அந்த புல்லு மொளச்ச அத்திவாரத்த விட்டுட்டு, தோட்டத்துக்கு வெளிய, மெயின் ரோட்டோரமா, உறுதியோட (காணிப் பத்திரத்தோட) ஒரு சின்னக் காணி வாங்கி வகுப்பு நடத்த கட்டடம் போடணும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. சங்கம் பிரதேச செயலகத்துல பதிஞ்சாச்சு. பேங்க் அக்கவுண்ட்ல மூணு பேர் கையெழுத்து, மூணுல ஒண்ணு பொம்பளையோடது. சண்ட இப்ப உறுதி யாரு பேருல எழுதுறதுங்கிறதுல நிக்குது. பெரியவங்க கோயில் பேருல எழுதணும்ங்கிறாங்க, கோயிலே கம்பெனி காணிக்குள்ளதான இருக்குன்னு பிள்ளைங்க சங்கத்து பேருல கேக்குறாங்க. குவைத் அக்கா, இப்ப கமிட்டித் தலைவி அவங்கதான், சங்கத்து பேருலதான், ஆனா விக்கிறதா இருந்தா கோயில் முன்னாடி கூட்டம் போட்டு முக்காவாசிப் பேர் ஒத்துக்கணும்னு உறுதியிலயே எழுதணும்ங்கிறாங்க. நொத்தாரிசுகிட்ட அப்படி எழுத முடியுமான்னு கேக்கச் சொல்லியிருக்கு, பதில் வந்ததும் போயா கூட்டத்துல வைக்கணும்.